வலது என்று சொல்லி இடது கையைத் தூக்கியவள்

அவளோடு ஆட்டோவில் போனால் வழி சொல்லும் வேலையை அவளிடம் விடக் கூடாது. நான் விட்டேன். மழைக்கு முன்னால் காலேஜ் போய்ச் சேர வேண்டுமென்று அல்சூர் ஏரிக்கரையில் அவசரமாகப் பிடித்த ஆட்டோ அது. "ரைட்ல திரும்புங்கண்ணா" என்று சொல்லிக்கொண்டே இடது பக்கம் கையை நீட்டினாள். ஓட்டுநர் வண்டியை நடுத்தெருவில் நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

"இன்னாம்மா இது? வாய் ரைட்டுங்குது, கை லெப்ட்டுங்குது. நான் எதைக் கேக்கறது?"

"வாயைக் கேளுங்கண்ணா. கை எதிர்ல நிக்கறவங்களுக்கு."

"எதிர்ல யாரும்மா நிக்கறாங்க?"

எதிரே ஒரு எருமை நின்றிருந்தது. அவர் கன்னடத்தில் ஏதோ முணுமுணுத்துவிட்டு வலது பக்கம் திருப்பினார். நான் சிரித்துச் சிரித்து இருக்கையிலிருந்து சரிந்துவிட்டேன். அவள் கொஞ்சமும் வெட்கப்படவில்லை. "அவர் பக்கம் இருந்து பாத்தா கோவம் வரத்தான் செய்யும்" என்றாள்.

தொண்ணூறுகளின் கடைசி. நாங்கள் இருவரும் உடற்கல்வி ஆசிரியர் படிப்பில் இருந்தோம். நான் காக்ஸ் டவுன், அவள் ஜோகுபாளையம். படிப்பில் பாதி வகுப்பறையில், மீதி சின்னப் பிள்ளைகளிடம். சனிக்கிழமை காலைகளில் எங்களை இரண்டிரண்டு பேராகப் பிரித்து ஏதாவது ஒரு பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிடுவார்கள். எங்கள் இருவருக்கும் விழுந்தது அவள் வீட்டிலிருந்து நாலு சந்து தள்ளி இருந்த சின்னப் பள்ளி. ஒன்றாம் வகுப்பும் இரண்டாம் வகுப்பும் சேர்த்து நாற்பது பிள்ளைகள். தமிழ், கன்னடம், உருது என்று மூன்று மொழியும் பேசும். எந்த மொழியில் சொன்னாலும் கேட்காது. அதுகளுக்கு ஓடவும் குதிக்கவும் குனியவும் நிமிரவும் பழக்கி, பழக்குகிற சாக்கில் நாங்கள் ஆசிரியர்களாக வேண்டும். அதுகள் உடம்பு தேறியதோ இல்லையோ, என் தொண்டை நன்றாகத் தேறியது.

எங்கள் தொழிலில் முதலில் சொல்லித்தரும் விஷயம் ஒன்று உண்டு. பிள்ளைகளுக்கு எதிரே நின்று பயிற்சி செய்து காட்டும்போது, "வலது கை மேலே" என்று சொல்லிவிட்டு நாம் இடது கையைத் தூக்க வேண்டும். அப்போதுதான் எதிரே இருக்கும் பிள்ளை கண்ணாடியில் பார்ப்பதுபோல் பார்த்துத் தன் வலது கையைத் தூக்கும். சொல்லும்போது சுலபமாக இருக்கும். செய்யும்போது மூளையில் முடிச்சு விழுந்துவிடும். எனக்கு இரண்டு மாதமானது. அதுவரை நான் வலது கையைத் தூக்கி, பிள்ளைகளும் இடதைத் தூக்கி, ஒரே கூத்து. இன்னொரு விதியும் உண்டு. எந்தக் காரணத்துக்காகவும் வகுப்புக்கு முதுகைக் காட்டக் கூடாது. முதுகு காட்டினால் அங்கே ஒருத்தன் இன்னொருத்தனைத் தள்ளுவான் என்பார் எங்கள் லெக்சரர்.

அவளுக்கு அந்தக் கண்ணாடி வித்தை முதல் நாளே வந்துவிட்டது. பயின்று வந்ததாகத் தெரியவில்லை. அவள் ஏற்கனவே அப்படித்தான் இருந்தாள், காலேஜில் அதற்கு ஒரு பெயர் கிடைத்தது, அவ்வளவுதான். டிபன் டப்பாவைத் திறந்தால் பொரியல் இருக்கும் பக்கம் என்னை நோக்கி இருக்கும். கத்தரிக்கோல் கேட்டால் பிடி என் கைக்கு வரும். மண்ணில் குச்சியால் பிள்ளைகளின் பெயரை எழுதிக் காட்டும்போது தலைகீழாக எழுதுவாள், எதிரே குந்தியிருக்கும் பிள்ளைக்கு நேராகத் தெரியும்படி. தமிழிலும் எழுதுவாள், கன்னடத்திலும் எழுதுவாள். நான் பக்கத்தில் நின்று கழுத்தைத் திருகிக்கொண்டு படிப்பேன்.

இதெல்லாம் ரசிக்கக்கூடியது. ரசிக்க முடியாததும் இருந்தது. கண்டக்டர் அவளைத் திட்டினால் கண்டக்டர் பக்கம் பேசுவாள். அவளுடைய அண்ணன் பொம்மசந்திராவில் ஒரு கம்பெனியில் வேலை. "பொம்பளப் புள்ளைக்கு இன்னா ஓட்டமும் குதியும்" என்று அவன் வாரத்துக்கு ஒரு முறை அவளுடைய டிராக் பேண்ட்டை ஒளித்துவைப்பான். "பாவம், கம்பெனில அவன் ஃப்ரெண்ட்ஸ் கிண்டல் பண்றாங்க போல" என்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"ஊர்ல இருக்கறவங்க பக்கமெல்லாம் போய் நிக்கற. உன் பக்கம் எப்போடி நிப்ப?"

அவள் யோசித்தாள். பிறகு சர்வசாதாரணமாகச் சொன்னாள். "அங்க நிக்கத்தான் நீ இருக்கியே."

அன்றைக்கு எனக்கு அது பெருமையாக இருந்தது. உச்சி குளிர்ந்துபோனது என்றே சொல்லலாம். அவள் தோளில் ஒரு அடி போட்டேன்.

கலா என்று ஒரு குழந்தை எங்கள் நாற்பதில் ஒன்று. ஆறு வயது. முன்பல் இரண்டும் கிடையாது. குதிக்கச் சொன்னால் குதிப்பாள், ஓடச் சொன்னால் முதலில் வருவாள். ஆனால் "ரைட் ஹேண்ட் அப்" என்றால் மட்டும் முப்பத்தொன்பது வலது கைகளுக்கு நடுவில் கலாவின் இடது கை நிற்கும். வாரா வாரம் இதே கதை. நான் விசிலை ஊதிக் கத்துவேன். "ஏய், எது சோத்துக் கை?" என்றால் சரியாகக் காட்டுவாள். திரும்ப வரிசையில் நிறுத்தினால் பழையபடி இடது கை.

ஒரு சனிக்கிழமை அவள் என்னை முன்னால் நின்று செய்யச் சொல்லிவிட்டு, போய்க் கலாவுக்குப் பின்னால் மண்டியிட்டு உட்கார்ந்தாள். கலாவின் தலைக்கு மேல் தன் முகவாயை வைத்து, கலாவின் உயரத்திலிருந்து என்னையே பார்த்தாள். மூன்று முறை செய்யச் சொன்னாள். எழுந்து வரும்போது முகமெல்லாம் மலர்ந்திருந்தது.

"இவ கரெக்டாத்தான்டி பண்றா! நீ எந்தக் கையைத் தூக்கின? லெஃப்ட். அவளும் லெஃப்ட்டைத் தூக்கறா. மத்த முப்பத்தொம்பது பேரும் கண்ணாடியப் பாக்கறாங்க. இவ மட்டும்தான் உன்னைப் பாக்கறா."

எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. எதிரே நிற்பவரின் உடம்புக்குள் புகுந்து அது அவருடைய எந்தக் கை என்று பார்க்கிற குழந்தை. அவளைப் போலவே இன்னொன்று. எனக்கு அப்போது தோன்றியது வேறு: பரீட்சைக்கு இன்னும் ஆறு வாரம்தான் இருக்கிறது, இது மார்க்கைக் கெடுக்கும்.

அவள் கலாவின் வலது மணிக்கட்டில் சிவப்பு ரிப்பன் கட்டிப் பார்த்தாள். பலன் இல்லை. ரிப்பனைப் பார்க்க வேண்டுமென்றால் எங்கள் மீதிருந்து கண்ணை எடுக்க வேண்டும், கலா எடுக்கமாட்டாள். அந்தச் சமயத்தில் லெக்சரர் ஒருநாள் பார்வையிட வந்தார். கெட்ட மனிதர் இல்லை. தப்பாக நிற்கும் ஒரு கையைக் கண்டால் சும்மா இருக்க முடியாதவர். "ஏ மரி, பா இல்லி" என்று கலாவை முன்னால் கூப்பிட்டு நிறுத்தினார். தானே எதிரில் நின்று நாலு முறை செய்து காட்டினார். நாலு முறையும் கலா தூக்கியது இடது கை. பிள்ளைகள் சிரிக்க ஆரம்பித்தன. அதிலிருந்து "லெஃப்ட் கலா, லெஃப்ட் கலா" என்று ஒரு பாட்டே பிறந்துவிட்டது. அடுத்த இரண்டு சனிக்கிழமை கலா வரவில்லை.

மூன்றாம் வாரம் அவள் கலா வீட்டுச் சந்துக்குள் போய், கலாவைக் கையைப் பிடித்துக் கூட்டி வந்தாள். வீட்டில் என்ன சொன்னாள், கலாவிடம் என்ன சொன்னாள் என்று தெரியாது. கேட்டேன். "இனிமே யாரும் சிரிக்கமாட்டாங்கன்னு சொன்னேன்" என்றாள். அதற்கு எப்படி அவள் உத்தரவாதம் கொடுத்தாள் என்று எனக்கு எரிச்சலாக இருந்தது.

கடைசிப் பரீட்சை அந்தப் பள்ளி மைதானத்திலேயே நடந்தது. அதே நாற்பது பிள்ளைகளை ஆளுக்குப் பதினைந்து நிமிடம் நாங்கள் நடத்திக் காட்ட வேண்டும். லெக்சரரோடு வெளியிலிருந்து ஒரு தேர்வாளரும் வந்திருந்தார். முதலில் நான், அடுத்து அவள். முதல் வகுப்பு வாங்கினவர்களுக்கு ஒரு பெரிய தனியார் பள்ளியில் வேலை கிடைக்கும் என்று அந்த வருடம் எல்லோருக்கும் தெரியும். எனக்கு அது வேண்டியிருந்தது. அவளுக்கு இன்னும் அதிகமாக வேண்டியிருந்தது. பாஸ் பண்ணி வேலை வாங்கவில்லையென்றால் தன் கம்பெனியிலேயே சேர்த்துவிடுவதாக அண்ணன் சொல்லிவிட்டான்.

அவள் மைதானத்தின் கோடியில் சுண்ணாம்புப் பொடியால் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். நான் கலாவைத் தனியாகக் கூப்பிட்டேன். பயிற்சிக்கு வைத்திருந்த மணல் பைகளை ஒரு கோணியில் போட்டு, ஓரத்தில் இருந்த தூங்குமூஞ்சி மரத்தடியில் அவளை உட்கார வைத்தேன்.

"இத பத்திரமா பாத்துக்கணும். யாரும் எடுத்துக்கக் கூடாது. நீதான் இன்னைக்கு லீடர். சரியா?"

"சரி மிஸ்" என்று கலா பல்லில்லாமல் சிரித்தாள். கோணியைக் கட்டிப்பிடித்து உட்கார்ந்துகொண்டாள். அந்தச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டேதான் செய்தேன். அதை மறைத்து எழுதி என்ன ஆகப்போகிறது?

என் பதினைந்து நிமிடம் அற்புதமாகப் போனது. முப்பத்தொன்பது வலது கைகள், முப்பத்தொன்பது இடது கைகள். தேர்வாளர் தலையாட்டினார்.

அவள் சுண்ணாம்புக் கையைப் பாவாடை போலத் தொளதொளவென்றிருந்த டிராக் பேண்ட்டில் துடைத்துக்கொண்டு வந்தாள். வரிசையைப் பார்த்தாள். ஒரு இடம் குறைந்ததை உடனே கண்டுகொண்டாள். மரத்தடியைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அதிகம் போனால் இரண்டு வினாடி. அதில் கோபம் இருந்திருந்தால் நான் இன்றைக்கு இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன் என்று நினைக்கிறேன்.

"கலா, வா" என்று கூப்பிட்டாள்.

"மிஸ், நான் லீடர் மிஸ்" என்றது குழந்தை.

"லீடர் முன்னாலதான் நிக்கணும்" என்று சொல்லி, முதல் வரிசையின் நட்ட நடுவில் நிறுத்தினாள்.

மற்ற பயிற்சிகள் ஒழுங்காக நடந்தன. என்னைவிட நன்றாகவே நடத்தினாள். கைப் பயிற்சி வந்தது.  அவள் பிள்ளைகளை ஒரு முறை பார்த்துவிட்டு, சட்டென்று திரும்பி, வகுப்புக்கு முதுகைக் காட்டி நின்றாள்.

"ரைட் ஹேண்ட்... அப்!"

அவளுடைய வலது கை உயர்ந்தது. எல்லோரும் ஒரே திசையைப் பார்த்து நின்றதால் குழப்பம் யாருக்கும் இல்லை. நாற்பது வலது கைகள் உயர்ந்தன. அவள் முதுகுக்குப் பின்னால் கலாவின் கையும் அதில் ஒன்று. அந்த மைதானத்தில் நாற்பது கைகள் ஒன்றுபோல உயர்ந்தது அந்த ஒரு முறைதான்.

லெக்சரர் சொன்னதுபோலவே நடந்தது. பின்வரிசையில் ஒருவன் இன்னொருவனைத் தள்ளினான். தள்ளப்பட்டவன் முட்டியைச் சிராய்த்துக்கொண்டு ஓவென்று அழுதான். தேர்வாளர் தாளில் ஏதோ எழுதினார், எழுதிக்கொண்டே இருந்தார்.

முடிந்ததும் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். அவளைப் பார்த்து, ஏன் முதுகு காட்டினாய், முதல் வருடப் பெண்ணுக்குக்கூடத் தெரியுமே என்று ஆங்கிலத்தில் கேட்டார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். காரணத்தைச் சொன்னால் மரத்தடிக் கதையும் வெளியே வரும். அது என் மார்க். அதனால் சொல்லவில்லை. அவர் என் பக்கம் திரும்பினார்.

"நீங்க பார்ட்னர். வழக்கமா இவங்க இப்படித்தான் கிளாஸ் எடுப்பாங்களா?"

இல்லை சார், நான் ஒரு குழந்தையை ஒளித்துவைத்தேன், இவள் அதை வெளியே கொண்டுவந்தாள். ஒரே ஒரு வாக்கியம். தமிழிலேயே சொல்லியிருக்கலாம், அவருக்குப் புரிந்திருக்கும்.  "இல்ல சார்" என்று மட்டும் சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டு அதையும் எழுதிக்கொண்டார்.

எனக்கு முதல் வகுப்பு. அவளுக்கு இரண்டாம் வகுப்பு. ரிசல்ட் ஒட்டின பலகைக்கு முன்னால் அவள்தான் என் கையைக் குலுக்கினாள். நான் அழ ஆரம்பித்தேன்.

"ஐயே, எதுக்குடி அழுவுற? உன் பக்கம் நின்னு பாத்தா நீ பண்ணது சரிதான். நான் கோடு போடப் போயிருக்கக் கூடாது, கலாவை என்கூடவே வச்சிருந்திருக்கணும்."

என்னை அவள் நாலு வார்த்தை திட்டியிருக்கலாம். கன்னத்தில் ஒன்று விட்டிருக்கலாம். எல்லோரிடமும் செய்வதையே என்னிடமும் செய்தாள். என் பக்கம் வந்து நின்றுகொண்டாள். அவள் பக்கம் நிற்க ஆள் இல்லாமல் போனது.

எனக்குத் தனியார் பள்ளியில் வேலை கிடைத்தது. அவள் அண்ணன் கம்பெனியில் சேர்ந்தாள். கேபிளுக்கு முனை பொருத்துகிற வேலையாம். காலை ஆறரைக்கு நான் பழைய மெட்ராஸ் ரோட்டின் ஒரு பக்கத்தில் கழுத்தில் விசிலோடு பஸ்ஸுக்கு நிற்பேன். எதிர்ப்பக்கத்தில் நீலச் சீருடையில் கம்பெனி பஸ்ஸுக்கு அவள் நிற்பாள். முதல் நாள் அவளை அங்கே பார்த்தேன். ரோட்டைத் தாண்டினால் ஒரு நிமிடம். தேர்வாளரிடம் சொல்லாமல் விட்ட அந்த வாக்கியத்தைப் போய் அவளிடமாவது சொல்லிவிட வேண்டும் என்று ஒரு காலை எடுத்து வைத்தேன்.

"வராத, வராத!" என்று அங்கிருந்தே கத்தினாள். "உன் பஸ் வர்ற டைம் ஆச்சு!"

நான் காலைப் பின்னால் எடுத்துக்கொண்டேன். அதற்காகவே காத்திருந்ததுபோல எடுத்துக்கொண்டேன். பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. ஏழெட்டு மாதம். அவள் கையாட்டுவாள், நான் கையாட்டுவேன். லாரிகளுக்கு நடுவே சத்தம் போட்டுப் பேசுவோம். "கலா ரெண்டாங்கிளாஸ் போயிட்டா!" என்பாள். "சாப்டியா?" என்பேன். நாளைக்கு லீவு நாள்தானே, நாளைக்கு வீட்டுக்கே போய்ச் சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு சனிக்கிழமையும் நினைப்பேன். ஜோகுபாளையம் எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரம்.

இன்றைக்கும் நான் பிள்ளைகளுக்கு எதிரேதான் நிற்கிறேன். வலது என்று சொல்லி இடதைத் தூக்குகிறேன். எங்கள் பள்ளியில் பெரிய மைதானம், செயற்கைப் புல், ஒலிபெருக்கி எல்லாம் வந்துவிட்டது. ஒவ்வொரு வருடமும் எங்கிருந்தோ ஒரு குழந்தை வந்துவிடும், நான் தூக்கின கையையே தூக்கிக்கொண்டு. புதிதாகப் பயிற்சிக்கு வரும் மாணவிகள் திருத்த ஓடுவார்கள். விடுங்கள் என்று சொல்லிவிடுவேன். காரணம் கேட்பார்கள். சொன்னால் அவள் பெயரைச் சொல்ல வேண்டியிருக்கும். இங்கேயும் சொல்லவில்லை. எங்கேயாவது இருப்பாள், நாலு பேர் அவளைப் பற்றிப் பேசினால், அது அவளுக்கு எப்படி இருக்கும் என்று யோசிக்கிறேன். அவளுடைய கோணத்தில் நின்று யோசிக்க நான் இப்போதுதான் பழகுகிறேன். அவள் எதிரே இல்லாமல் பழகுவது கஷ்டமாக இருக்கிறது. அவளைப் பார்க்க வேண்டும்போல் இருக்கிறது. பொம்மசந்திராப் பக்கம் போகும்போதெல்லாம் நீலச் சீருடைக் கூட்டத்தில் இடது கை ஒன்றைத் தேடுகிறேன்.

கடைசியாகப் பார்த்தது ஒரு சாதாரணக் காலையில். தூறிக்கொண்டிருந்தது. எதிர்ப்பக்கத்திலிருந்து கையைக் குவித்துக் கத்தினாள்.

"வீடு மாத்தறோம்! கம்பெனி கிட்டவே! நாளையிலிருந்து நான் இங்க வரமாட்டேன்!"

"இரு, வரேன்!" என்று கத்தினேன். அன்றைக்கு உண்மையாகவே போக நினைத்தேன். அதற்குள் அவளுடைய பஸ் தூரத்தில் தெரிந்தது.

"ரோடு ஈரமா இருக்குது, ஓடாத!" என்றாள். சிரித்தாள். பிறகு கையைத் தூக்கினாள். இடது கை. ஒவ்வொரு நாளும் தூக்கின அதே கை. பார்ப்பவருக்குச் சரியாகத் தெரியட்டும் என்று தூக்குகிற கை.

நானும் தூக்கினேன். பஸ் எங்கள் நடுவில் வந்து நின்று, அவளை ஏற்றிக்கொண்டு போனது. எதிர்ப்பக்கம் காலியாக இருந்தது. என் கை இன்னும் மேலேயே இருந்தது. அண்ணாந்து பார்த்தேன். வலது கை. அத்தனை மாதமும் நான் தூக்கினது வலது கைதான், கண்ணாடியைப் பார்த்த அந்த முப்பத்தொன்பது பேரைப் போல.